சிவப்பு நிலாவுக்கு அறுபது சாட்சிகள்

என் நாத்தனார் கடைத்தெருவின் ஒரு முனையில் நுழைந்தால் மறுமுனை வரைக்கும் தராசுகள் யோக்கியமாகிவிடும். எடை அளவுச் சோதனை அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக ஆய்வாளர். கடைத் தராசுகள் சரியாக நிறுக்கின்றனவா என்று பார்த்து, சரியாக இருந்தால் அந்த வருடத்து முத்திரையைக் குத்துவதும், இல்லையென்றால் தராசையே தூக்கிக்கொண்டு போவதும் அவர் வேலை. ஒருமுறை ஒரு கடைக்காரர், ஐம்பது கிராம் குறைத்துக் காட்டும் தராசை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் வாதாடினாராம். காற்று அடித்தது என்றார், தரை சரிவு என்றார், பரம்பரைத் தராசு என்றார். நாத்தனார் அவ்வளவையும் கேட்டுவிட்டு, "அம்பது கிராம்" என்று மட்டும் சொன்னார். அன்று முதல் கடைத்தெருவில் அவருக்கு அதுதான் பெயர். "அம்பது கிராம் வருது!" என்று ஒரு கடையிலிருந்து அடுத்த கடைக்குக் குரல் தாவும்.

அவர் பையில் எப்போதும் ஒரு மரப்பெட்டி இருக்கும். உள்ளே மெத்துமெத்தென்ற துணிக்குழிகளில் பித்தளை எடைக்கற்கள் வரிசையாகப் படுத்திருக்கும். அவற்றைக் கையால் தொட மாட்டார், இடுக்கியால்தான் எடுப்பார். விரல் அழுக்கு பட்டால் எடை ஏறிவிடுமாம். அந்தக் கற்களுக்குக் கிடைத்த மரியாதையில் பாதி எனக்குக் கிடைத்திருந்தால் இந்தக் குடும்பத்தில் என்றைக்கோ நான் ராணி.

கல்யாணமான பத்தாவது நாள், குளியலறையில் நான் வைத்திருந்த எடை பார்க்கும் கருவியை அந்த மரப்பெட்டியோடு வந்து சோதித்தார். நடுவில் வைத்துப் பார்த்தார், நான்கு மூலையிலும் வைத்துப் பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரர், அதாவது அவருடைய தம்பி, பக்கத்தில் நிற்கும்போதே சொன்னார்.

"இது ரெண்டரை கிலோ கம்மியா காட்டுது. நீ சொன்ன எடை இல்ல நீ."

என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு முதுகு தெரியாதா என்ன, அது குலுங்கியது. ஒன்பது வருடமாகியும் அந்த ரெண்டரை கிலோ என் மனதை விட்டு இறங்கவில்லை. மேலே சொல்லப்போகிற காரியத்தை நான் ஏன் செய்தேன் என்று யாராவது கேட்டால், பதில் இதுதான்.

நாத்தனார் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாடியில் அவர், கீழே நாங்கள். கூடம் மட்டும் பொது. கூடத்து ஜன்னலோரம் ஒரு மேஜை, மேஜை மேல் அவருடைய கம்ப்யூட்டர். ஆறு வருடத்துக்கு முன்னால் முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து மூன்று மாதம் வீட்டில் கிடந்தபோது, பொழுது போகட்டும் என்று தம்பி ஒரு விண்வெளி விளையாட்டைப் போட்டுக் கொடுத்தார். அதில் நமக்கு ஒரு கப்பல் கிடைக்கும். அதை ஓட்டிக்கொண்டு நட்சத்திரம் நட்சத்திரமாகத் தாவலாம். நட்சத்திரங்களுக்கு முடிவே கிடையாது. மற்றவர்கள் அதில் சண்டை போட்டார்கள், சரக்கு கடத்தினார்கள், கொள்ளையடித்தார்கள். என் நாத்தனார் ஆய்வுக்குப் போனார்.

அந்த விளையாட்டுக்காரர்கள் கூடி ஒரு பதிவேடு வைத்திருந்தார்கள். இத்தனை கோடி நட்சத்திரங்களில் போய்ப் பார்க்கத் தகுந்தவை எவை என்ற பட்டியல். ஒரு நட்சத்திரக் குடும்பத்தில் விசேஷமாக ஏதாவது கண்டால், படத்தோடு விவரம் எழுதிப் போட வேண்டும். வேறு இரண்டு பேர் நேரில் போய்ப் பார்த்து, 'பார்த்தேன்' என்று எழுதினால் பதிவு ஏறும். அவ்வளவுதான் விதி. அந்த விதியைப் படித்த அன்றே அவர் முழங்கால் வலி பாதி குறைந்துவிட்டது என்பது என் கணிப்பு.

அங்கே எல்லோருக்கும் புனைபெயர். இவர் 'எடைக்கல்' என்று வைத்துக்கொண்டார். மற்றவர்கள், 'பிரபஞ்சத்தின் கண்ணீர்த்துளி இங்கே உறைந்து கிடக்கிறது, நண்பர்களே' என்று எழுதுவார்கள். எடைக்கல் எழுதுவது இப்படி இருக்கும்: 'சூரியன் ஒன்று. மஞ்சள். கிரகங்கள் ஏழு. மூன்றாவதில் பனி இருப்பதாகத் தோன்றியது. இறங்கிப் பார்த்தேன். இருக்கிறது.' படம் எடுப்பதிலும் அலுவலக வழக்கம்தான். கடையில் தராசைப் படம் எடுக்கும்போது பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுப்பது போல, திரையின்மேல் தன் இரும்பு அளவுகோலைப் பிடித்துக்கொண்டு கைபேசியில் எடுப்பார். கம்ப்யூட்டரே தன்னைப் படம் எடுத்துக்கொள்வதில் அவருக்கு நம்பிக்கை இல்லை.

"திருடனே எழுதிக் குடுத்த வாக்குமூலம் மாதிரி அது" என்பார்.

ஆறு வருடத்தில் நூற்று நாற்பத்து மூன்று இடங்களைப் பற்றி எழுதிப் போட்டார். ஏறியது ஒன்பது. உப்புச்சப்பில்லை என்று மற்றவர்கள் தள்ளியது பாதி, மறுபடி போய்ப் பார்த்துவிட்டுத் திருப்தியில்லாமல் அவரே தள்ளியது மீதி. பத்து ஏறினால் அங்கே ஒரு முத்திரை கொடுப்பார்கள். பெயருக்குப் பக்கத்தில் சின்ன வட்டம், அதற்குள் ஒரு நட்சத்திரம். அது இருப்பவர்கள் அடுத்தவர்களின் பதிவுகளைச் சோதித்து ஏற்றலாம், தள்ளலாம். இந்த மனுஷிக்கு அந்த முத்திரை மேல் ஆசையென்றால் அப்படியோர் ஆசை. வெளியே காட்டிக்கொள்ள மாட்டார். ஆனால் சாப்பிடும்போது திடீரென்று, "இன்னும் ஒண்ணுதான்" என்பார். இன்னொரு கரண்டி கேட்கிறாரோ என்று நான் எழுந்த நாளெல்லாம் உண்டு.

இனி என் பங்கு. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். செவ்வாய்க்கிழமை எனக்கு விடுமுறை. அந்த வீட்டிலேயே நல்ல வெளிச்சம் வரும் இடம் நாத்தனாரின் மேஜைதான். அவர் ஆபீசுக்குப் போன பிறகு அங்கே உட்கார்ந்து நகத்துக்குச் சாயம் பூசிக்கொள்வது என் வழக்கம். ஒரு செவ்வாயன்று கைபேசி அடித்தது. எடுக்கக் கையை வீசினேன். தூரிகையிலிருந்து ஒரு துளி தெறித்துத் திரையின் இடது கீழ் மூலைக்குக் கொஞ்சம் மேலே ஒட்டிக்கொண்டது. கடுகளவு. கருஞ்சிவப்பு. அணைந்திருந்த திரையில் அது கண்ணுக்கே படவில்லை. பேசி முடித்துவிட்டுத் துடைக்கலாம் என்று நினைத்தேன். பேசி முடித்ததும் நினைத்ததை மறந்தேன்.

சனிக்கிழமை மாலை கூடத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. நாத்தனார் தன் ஆயுளில் கூவியது அதுதான் முதல் தடவை.

"இங்க வாம்மா! சீக்கிரம் வா!"

அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். திரை முழுக்க வெள்ளை நட்சத்திரம் ஒன்று கொதித்துக்கொண்டிருந்தது. கப்பலின் கருவிப் பலகையை மறைத்துவிட்டு, நட்சத்திரத்துக்கு வெகு அருகில் போய் நின்றிருந்தார். அதன் இடது கீழ்ப்பக்கத்தில், அந்தப் பிரகாசத்தின் நடுவே, அழகாக, உருண்டையாக, கருஞ்சிவப்பாக என் நகச்சாயம்.

"நிலா" என்றார். "சூரியனுக்கு இவ்ளோ கிட்ட ஒரு நிலா. பதிவேட்டுலயே கிடையாது. அதுமட்டுமில்ல, பாரு." கப்பலை இடப்பக்கம் திருப்பினார். நட்சத்திரம் நகர்ந்தது, நிலா நகரவில்லை. வலப்பக்கம் திருப்பினார். அப்போதும் அது அசையவில்லை. "நான் எப்படித் திரும்பினாலும் அது இடம் மாறல. கூடவே வருது! உனக்குத் தெரியுதா?"

எனக்குத் தெரியாமல் என்ன? என் விரலைப் பார்த்தேன். அதே நிறம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அப்போது பார்த்து அவர் இரும்பு அளவுகோலை எடுத்துத் திரையில் வைத்து, "ரெண்டு மில்லி" என்றார். அந்த ரெண்டு என் காதில் ரெண்டரை என்று விழுந்தது.

"ஆமாண்ணி, தெரியுது" என்றேன். "ரொம்ப அழகா இருக்கு."

பொய் இல்லை. பார்த்ததைத்தான் சொன்னேன்.

மறுநாளோ அதற்கு மறுநாளோ குட்டு உடைந்துவிடும், வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு ரெண்டரை கிலோவை இறக்கிவைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். வேறு இடத்துக்குப் போனால் அங்கேயும் நிலா வருமே! ஆனால் நாத்தனார் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. பார்க்க வருகிறவர்களை வரவேற்க ஆள் வேண்டுமல்லவா? கப்பலை அங்கேயே நிறுத்திவிட்டார். பதிவேட்டுப் பக்கமும் கறுப்பு, எழுத்துதான் வெள்ளை. விண்வெளிக்காரர்களுக்கு வெள்ளைப் பின்னணி ஆகாது போலிருக்கிறது. அந்தக் கறுப்பில் என் துளி பத்திரமாக ஒளிந்துகொண்டது.

சரி, சாட்சி சொல்ல வருகிற இரண்டு பேர் நிலா எங்கே என்று கேட்பார்கள், அத்தோடு முடிந்தது என்று காத்திருந்தேன். அங்கேதான் கதை கையை மீறியது. பதிவேட்டின் தலைவர் 'கொட்டாவி' என்ற பெயரில் உலவும் ஒரு பெரிய மனிதர். எடைக்கல் பொய் சொல்லாது, படத்தில் அளவுகோல்கூட இருக்கிறது, நாற்பது தாவல் தாவி யார் போவது என்று நினைத்தாரோ என்னவோ, அரை மணியில் 'பார்த்தேன்' என்று கையெழுத்துப் போட்டார். அடுத்து 'ரெட்டைவால்' என்பவர் நிஜமாகவே கப்பலை எடுத்துக்கொண்டு வந்தார். நட்சத்திரத்தின் முன்னால் இருபது நிமிடம் நின்றார். முன்னாலும் பின்னாலும் போய்ப் பார்த்தார். பிறகு அவரும் 'பார்த்தேன்' என்று எழுதினார். தலைவர் பார்த்ததைத் தான் பார்க்கவில்லை என்று எழுத எந்த வாலுக்குத் துணிச்சல் வரும்?

இரண்டு சாட்சி ஆயிற்று. பத்தாவது பதிவு ஏறிவிட்டது. அதன்பிறகு கூட்டம்தான். வந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். ஒருவர் 'கொஞ்சம் நீள்வட்டமாக இருக்கிறது' என்றார். இன்னொருவருக்கு அதில் பள்ளத்தாக்கு தெரிந்தது. 'முதல் பார்வையில் தெரியாது, பொறுமை வேண்டும்' என்று ஒரு புண்ணியவான் புதியவர்களுக்கு யோசனை சொன்னார். நான் கடையில் வாடிக்கையாளருக்குக் கண் சோதிக்கும்போது, எழுத்தே போடாத வெள்ளைப் பலகையைக் காட்டினால் இவர்கள் என்னென்ன படிப்பார்கள் என்று நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

கொட்டாவியிடமிருந்து அறிவிப்பு வந்தது. வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு அறுபது கப்பல்கள் சிவப்பு நிலாவின் முன்னால் கூடும். அங்கேயே, எல்லார் முன்னிலையிலும், எடைக்கல்லுக்கு முத்திரை வழங்கப்படும்.

சனிக்கிழமை மாலை நாத்தனார் ஒரு பருத்திச் சேலையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். ஆபீசில் மேலதிகாரி வரும் நாளில் மட்டும் கட்டுகிற சேலை.

"நாளைக்கு எங்கண்ணி கிளம்புறீங்க?"

"எங்கயும் இல்ல. பத்து மணிக்குத்தான் அது இருக்கே."

"அதுல உங்க கப்பல்தானே தெரியும்? நீங்க தெரிய மாட்டீங்களே."

"எனக்குத் தெரியும்ல" என்றார், மடிப்பைத் தடவிக்கொண்டே. "ஆபீசுல இருபத்தாறு வருஷமா முத்திரை குத்துறேன். அது உத்தியோகம், குடுத்தாங்க, குத்துறேன். இது நானா சம்பாதிச்சது."

அந்த நிமிடம்வரை அது வேடிக்கை. அந்தச் சேலை மடிப்பைப் பார்த்ததும், நான் எவ்வளவு கேவலமான காரியம் செய்துவிட்டேன் என்று உறைத்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. உள்ளே போய் நகச்சாயப் புட்டியை எடுத்துவந்து இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"அண்ணி, உங்க நிலா இதுக்குள்ள இருக்கு."

சொல்லி முடிக்க இரண்டு நிமிடம் ஆயிற்று. அவர் இஸ்திரிப் பெட்டியை அணைத்தார். கம்ப்யூட்டரைத் திறந்து, ஒரு வெற்று வெள்ளைப் பக்கத்தைத் திரையில் கொண்டுவந்தார். நிலா அங்கேயும் இருந்தது. குனிந்து, மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து, விரல் நுனியால் அதைத் தடவினார். மேடாக இருந்திருக்கும். நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தச் சின்ன உடம்பு இன்னும் சின்னதாகப் போனது போல இருந்தது.

"திட்டுங்கண்ணி" என்றேன்.

"உன்ன அப்புறம்." அவர் பதிவேட்டைத் திறந்து, தன் பதிவுக்குக் கீழே இருந்த கையெழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனார். கன்னம் மெல்லச் சிவந்தது. "என் கண்ணு பழுது, நான் ஏமாந்தேன். நீ கூட இருந்தே கழுத்தறுத்த, அது வேற. இவங்க வீட்டுத் திரையில நகச்சாயம் இல்லையே. இவங்க எதைப் பார்த்தாங்க?"

நான் சாயப் புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"நிறுக்காமலே முத்திரை குத்தியிருக்கானுங்க" என்றார். அவர் வாயிலிருந்து 'ங்க' போய் 'னுங்க' வந்தது அன்றைக்குத்தான். நான் பஞ்சும், சாயம் கரைக்கும் புட்டியும் எடுத்துவந்து துடைக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார்.

"தொடாத. ஆதாரம்."

கடைத்தெருவில் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. சந்தேகமான கடைக்குத் தான் போகாமல் வேறொருவரை அனுப்பிப் பொருள் வாங்கச் சொல்வார். வாங்கிய பொட்டலம் தெருமுனையில் அவர் பெட்டிக்கு வரும், அங்கே எடை தெரிந்துவிடும். மறுநாள் காலை பத்து மணிக்கு, இஸ்திரி போட்ட சேலையோடு அவர் திரைமுன் உட்கார்ந்தபோது முகத்தில் அந்தத் தெருமுனைக் களை இருந்தது. பக்கத்தில் ஒரு தாளும் பேனாவும் வைத்துக்கொண்டார்.

அறுபத்தோரு கப்பல்கள் வந்து நின்றன. எதிர்பார்த்ததை விட ஒன்று அதிகம். கொட்டாவி நீளமாக ஒரு வாழ்த்து எழுதினார். நாத்தனார் நன்றிகூடச் சொல்லவில்லை. இரண்டு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்: 'முத்திரை வாங்குவதற்கு முன் ஒரு கேள்வி. நிலா இப்போது தெரிகிறதா? ஒவ்வொருவராகச் சொல்லவும்.'

பதில்கள் கொட்டின. 'பிரமாதம்.' 'தெளிவாகத் தெரிகிறது.' 'இன்று கொஞ்சம் பெரிதாக இருக்கிறதே!' 'கண் கலங்குகிறது, எடைக்கல்.' ஒருவருக்கு இரண்டு நிலா தெரிந்தது. நாத்தனார் ஒவ்வொரு பெயருக்கும் தாளில் ஒரு கோடு இழுத்துக்கொண்டே வந்தார். அறுபது கோடு. நான் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டேன், சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை.

கடைசியாக ஒரு வரி வந்தது. 'ஓட்டைவாளி' என்ற பெயர். கேள்விப்படாத ஆள், அழைக்காமல் வந்த அந்த அறுபத்தோராவது கப்பல்.

'மன்னிக்கணும். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. என் கம்ப்யூட்டர் பழசு. அதனாலா?'

உடனே பத்துப் பேர் அவர்மேல் பாய்ந்தார்கள். கோணம் தவறு என்றார் ஒருவர், கண்ணைச் சோதித்துக்கொள் என்றார் மற்றவர். நாத்தனார் பேனாவைக் கீழே வைத்தார். ஒரு வினாடி தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போதும் பேசாமல் இருந்தால் முத்திரை அவருடையது, யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. நான்கூட அவசரப்பட்டு, "விட்டுடுங்கண்ணி, வாங்கிக்கிட்டு அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். கடைக்காரர்கள் ஏன் அப்படி நடுங்குகிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அவர் தட்டினார்: 'சோதனை அறிக்கை. இங்கே நிலா இல்லை. என் திரையில் நகச்சாயம் ஒரு துளி ஒட்டியிருந்தது. அளவு இரண்டு மில்லிமீட்டர். தவறு என்னுடையது. பதிவை நானே நீக்குகிறேன். வந்தவர்கள் அறுபத்தொருவர். இல்லாததைப் பார்த்தவர்கள் அறுபது பேர். ஓட்டைவாளி அவர்களின் கம்ப்யூட்டர் நன்றாக இருக்கிறது.'

முதலில் கொட்டாவியின் கப்பல் மெதுவாகத் திரும்பியது. பிறகு ரெட்டைவால். பிறகு இரண்டும் மூன்றுமாக எல்லோரும் நழுவினார்கள். கடைசியில் பெரிய வெள்ளை நட்சத்திரத்தின் முன்னால் எடைக்கல்லும் ஓட்டைவாளியும் மட்டும் நின்றார்கள். ஓட்டைவாளி, 'நிலா இல்லாட்டியும் நட்சத்திரம் நல்லாத்தான் இருக்கு' என்று எழுதினார். நாத்தனார் அதைப் படித்துவிட்டு எழுந்து மாடிக்குப் போனார். அன்று முழுக்க இறங்கி வரவில்லை.

மறுநாள் கொட்டாவியின் உத்தரவு வந்தது. தவறான பதிவு போட்டவரின் பழைய பதிவுகள் அத்தனையும் நிறுத்தி வைக்கப்படும். ஒவ்வொன்றுக்கும் புதிதாக இரண்டு பேர் போய்ப் பார்த்து எழுதினால்தான் மறுபடி ஏறும். எடைக்கல்லின் ஒன்பதும் போயிற்று. தவறாகச் சாட்சி சொன்னவர்களுக்கு என்ன என்பது பற்றி உத்தரவில் ஒரு வார்த்தை இல்லை. மூக்குடைபட்ட அறுபது பேரில் ஒருவரும் இவருக்காகக் கப்பலைக் கிளப்பப் போவதில்லை. ஓட்டைவாளி மட்டும், அடுத்த மாதத்திலிருந்து வாரம் ஓர் இடம் வீதம் தான் பார்ப்பதாகச் சொன்னார். அவர் ஒருவர். இன்னொருவர் வேண்டும்.

"நான் போறேன்" என்றேன்.

"நீயா? உனக்கு வண்டியே ஓட்டத் தெரியாது."

"கத்துக்கிறேன்."

அந்த வாரமே அவரைக் கையைப் பிடித்து என் கடைக்கு இழுத்துப்போய்க் கண் சோதித்தேன். பழைய கண்ணாடி எட்டு வருடத்துப் பழசு. ஒரு கோட்டைக் காட்டினால் இரண்டு கோடு என்கிறார். புதுக் கண்ணாடியைப் போட்டதும் என் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்து, "உனக்கு இங்க மச்சம் இருக்கா?" என்றார். ஒன்பது வருடம் ஒரே வீட்டில் இருக்கிறோம்.

நான் ஒரு கப்பல் வாங்கி, மூன்று வாரம் மாலை மாலையாகப் பழகினேன். இரண்டு முறை நட்சத்திரத்துக்குள்ளேயே விழுந்தேன். என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துச் சிரிக்கும் வழக்கத்தை மறுபடி ஆரம்பித்தார். நான்காவது வாரம் முதல் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அவருடைய முதல் பதிவு அது. முழங்கால் கட்டோடு உட்கார்ந்து அவர் கண்டுபிடித்தது. நீல நிறத்தில் ஒரு பெரிய கிரகம், அதைச் சுற்றி அகலமான வளையம். பதிவில் எழுதியிருந்தது: 'வளையத்தில் இடைவெளி இரண்டு. அருகருகே. இதுபோல் வேறெங்கும் பார்த்ததில்லை.'

நாத்தனார் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். துடைத்துச் சுத்தமாக்கிய திரையில் வளையம் மினுங்கியது. அவ்வளவு அழகை அந்த அம்மாள் 'அருகருகே' என்று எழுதி வைத்திருந்ததை நினைத்தால் எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கிட்டப் போனேன். வளையத்தின் நடுவே கறுப்பாக ஓர் இடைவெளி.

ஒன்று. ஒன்றே ஒன்று.

கப்பலை மேலே ஏற்றிப் பார்த்தேன், கீழே இறக்கிப் பார்த்தேன். திரையை விரலால் துடைத்தும் பார்த்தேன். ஒன்றுதான்.

"என்ன தெரியுது?" என்றார் பின்னாலிருந்து.

இந்த மனுஷியின் பத்தை ஒன்பதாக்கியவள் நான். ஒன்பதைப் பூஜ்யமாக்கியதும் நான். ஒரு வார்த்தை சொன்னால் போதும், முதல் பதிவு திரும்ப வந்துவிடும். ஓட்டைவாளி நாளைக்குத்தான் வருவார், அவர் பாடு அவருக்கு. 'ரெண்டு' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"நேரமாகுது. தெரியுறத சொல்லு."

"ஒண்ணுதாண்ணி தெரியுது" என்றேன். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

திரும்பிப் பார்த்தால், புதுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அழுகிறார் என்று பதறிப்போனேன். மனுஷி சிரிக்கிறார். இருபத்தாறு வருட விறைப்பும் போய், தோள் குலுங்கச் சிரிக்கிறார்.

"எனக்கும் ஒண்ணுதான் தெரியுது" என்றார். "நீ மேலயும் கீழயும் போறதுக்கு முன்னாடியே பார்த்துட்டேன்."

"அப்ப என்னையே சோதிச்சீங்களா?"

"பின்ன? சோதிக்காம யாரையாச்சும் விட்டிருக்கேனா நான்?"

அவர் ஒரு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில், முழங்கை இடிக்கும்படி போட்டு உட்கார்ந்தார். விசைப்பலகையை என் பக்கம் தள்ளினார். தன் முதல் பதிவைத் தள்ளுபடி செய்யும் வாசகத்தை அவர் ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல, நான் தட்டினேன். சாட்சியின் பெயர் என்ற இடத்தில் என் புனைபெயரை எழுதச் சொன்னார். நான் இன்னும் வைக்கவில்லை என்றேன். ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை அவர்.

"சரியான தராசுன்னு போடு."

எழுதினேன். எழுத்துகள் கலங்கலாகத் தெரிந்தன. அவர் அதைக் கவனித்தும் கவனிக்காதது போல, பட்டியலில் அடுத்த இடத்தின் தூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முப்பத்திரண்டு தாவல்" என்றார். "இன்னும் எட்டு இருக்கு. கிளம்பு."